நாதியற்றது பிள்ளையா, குடும்பமா?

கண்டி மாநகரிலும் அதனைச் சூழவுள்ள ஊர்களிலும் சிறுவர் இல்லங்களுக்கென நிதி திரட்டாத மாணவர் அமைப்பைக் காண்பது அரிது. பாடசாலைகளின் லியோ கழகங்கள், இன்டரக்ட் கழகங்கள், சாரணர் குழுக்கள், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மாணவர் சங்கங்கள் எனப் பட்டியல் நீளும். நடைபவனி, இசை நிகழ்ச்சி, உணவுச் சந்தை, துடுப்பாட்டப் போட்டி, உண்டியல் என்று ஏதோ ஒரு வழியிலே பணம் சேர்க்கப்படுகிறது. சேர்ந்த பணம் அரிசியாகவும் பால்மாவாகவும் அப்பியாசக் கொப்பிகளாகவும் சப்பாத்துகளாகவும் மாறி, ஒரு சனிக்கிழமை காலையில் ஓர் இல்லத்தின் வாசலில் வந்து இறங்குகிறது. பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரு பாட்டுப் பாடுகிறார்கள். மாணவர்கள் அவர்களோடு விளையாடுகிறார்கள். மதிய உணவு பரிமாறப்படுகிறது. மாலையில் பஸ் திரும்பிச் செல்கிறது.

இதனை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று. இக்காலத்து இளைஞர்கள் கைத்தொலைபேசியைத் தவிர வேறொன்றையும் அறியார் என்று பெரியவர்கள் குறைப்பட்டுக்கொள்ளும் நாட்டில், விடுமுறை நாளொன்றைப் பிறருக்காகச் செலவிடும் பதினேழு, இருபது வயதுப் பிள்ளைகளை நான் மதிக்கிறேன். பத்திரிகை அலுவலகத்தில் பணியாற்றிய காலம் முழுவதும் இத்தகைய வைபவங்களைப் பற்றிய செய்திக் குறிப்புகள் வாரந்தோறும் மேசைக்கு வந்துகொண்டேயிருந்தன. தலைமை தாங்கியவர் யார், பிரதம அதிதி யார், எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை கொப்பிகள் வழங்கப்பட்டன என்பனவெல்லாம் அவற்றில் இருக்கும். படத்தில் இடமிருந்து வலமாக நிற்பவர்களின் பெயர்களும் இருக்கும். ஒரே ஒரு விபரம் மட்டும் எந்தக் குறிப்பிலும் இராது. அந்தப் பிள்ளைகளின் தாயும் தந்தையும் எங்கே?

இறந்துவிட்டார்கள் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். 'அநாதை இல்லம்' என்ற பெயர் அப்படித்தான் எண்ண வைக்கிறது. உண்மை வேறு. சேவ் த சில்ரன் அமைப்பு 2009 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையொன்றின்படி, உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் வாழும் பிள்ளைகளுள் ஐவரில் நால்வருக்கேனும் தாய் தந்தையரில் ஒருவரோ இருவருமோ உயிருடன் இருக்கிறார்கள். அதே அமைப்புக்காக இலங்கையில் 2005 ஆம் ஆண்டு செய்யப்பட்ட ஆய்வும் இந்நாட்டின் நிலை வேறல்ல என்பதை எடுத்துக் காட்டிற்று. அவ்வறிக்கையை எழுதியோரில் ஒருவரான கலாநிதி ஹரிணி அமரசூரிய 2024 ஆம் ஆண்டு இந்நாட்டின் பிரதமராகப் பதவியேற்றார் என்பதையும் இங்கே குறிப்பிடலாம். ஆகவே இது ஆட்சியில் இருப்போர் அறியாத செய்தி என்று எவரும் சொல்ல முடியாது.

அப்படியாயின் அப்பிள்ளைகள் இல்லங்களுக்கு வந்தது எதனால்? முதற்காரணம் வறுமை. மூன்று பிள்ளைகளுள் ஒன்றையாவது வயிறாரச் சாப்பிட வைத்துப் படிக்க வைக்கலாம் என்று ஒரு தாய் கண்ணீரோடு எடுக்கும் முடிவு அது. தாய் மத்திய கிழக்கு நாடொன்றுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்றுவிட, தந்தை குடியில் வீழ்ந்த குடும்பங்கள் உண்டு. பெற்றோர் பிரிந்து, இருவரும் மறுமணம் செய்துகொண்டபின் எந்த வீட்டிலும் இடமில்லாமற் போன பிள்ளைகள் உண்டு. தோட்டத்திலிருந்து பாடசாலை வெகுதூரம் என்பதாலேயே நகரத்து இல்லத்தில் சேர்க்கப்பட்டவர்கள் உண்டு. உடற்குறையோடு பிறந்த பிள்ளையை மாதாமாதம் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வழியற்றுக் கைவிட்டவர்களும் உண்டு. துன்புறுத்தலிலிருந்து காப்பாற்றுவதற்காக நீதிமன்றம் ஒப்படைத்த பிள்ளைகளும் இவர்களிடையே இருக்கிறார்கள். அவர்களின் நிலை வேறு. அதனைப் பின்னர் சொல்கிறேன்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இந்தக் காரணங்கள் அனைத்தையும் கூர்மையாக்கிற்று. அவ்வாண்டு இலங்கை மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வறுமைக் கோட்டின் கீழ் வந்துவிட்டதாக உலக வங்கி கணித்தது. பெருந்தோட்ட மக்களிடையே வறுமை நாட்டின் சராசரியைவிட அதிகம். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்ததே 2024 ஆம் ஆண்டில்தான். அதுவும் வேலை கிடைக்கும் நாட்களுக்கு மட்டும். அந்தச் சம்பளத்தில் ஒரு கிலோ பால்மாவின் விலையைக் கழித்துப் பார்ப்பவர்களுக்கு, ஒரு தாய் ஏன் இல்லத்தின் கதவைத் தட்டுகிறாள் என்பது விளங்கும்.

'அநாதை' என்ற சொல்லைச் சற்று நோக்குவோம். நாதன் இல்லாதவர் என்பதே அதன் பொருள். பெற்றோர் இறந்தவர் என்று அச்சொல் சொல்லவில்லை. காப்பார் இல்லாதவர் என்றே சொல்கிறது. புத்தபிரானுக்கு ஜேதவன விகாரையை அளித்த அநாதபிண்டிகர் என்ற பெருவணிகரின் பெயருக்கும் ஆதரவற்றோருக்கு உணவளித்தவர் என்பதே பொருள். நம் பேச்சு வழக்கிலே 'நாதியற்றவர்' என்ற சொல் இந்தப் பொருளை இன்றும் பிழையின்றித் தாங்கி நிற்கிறது. இந்தப் பொருளில் பார்த்தால், கண்டியைச் சூழவுள்ள இல்லங்களில் வாழும் பெரும்பாலான பிள்ளைகளின் விடயத்தில் நாதியற்றுப் போனது பிள்ளையன்று, பிள்ளையின் குடும்பம். நமது உதவியோ குடும்பத்தைத் தாண்டிச் சென்று, குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளையிடம் மட்டுமே போய்ச் சேர்கிறது. நான் சொல்ல வந்தது இதுதான். மாணவர் திரட்டும் பணம் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பதற்குத் துணைபோகாமல், தாயோடு வைத்திருப்பதற்குத் துணைபோக வேண்டும்.

மலையகத்தில் இந்தக் கதை புதியதன்று. கண்டி திரித்துவக் கல்லூரியின் தேவாலயச் சுவர்களை அலங்கரிக்கும் ஓவியங்களைப் பலரும் கண்டிருப்பர். நல்ல சமாரியன் கதையைச் சித்திரிக்கும் ஓவியமும் அவற்றுள் ஒன்று. அவற்றை வரைந்த டேவிட் பேன்ரர் அக்கல்லூரியின் பழைய மாணவர். அவருடைய பெற்றோர் நுவரெலியாவில் பேன்ரர் இல்லம் என்ற சிறுவர் இல்லத்தை நிறுவியவர்கள். ஓவியரும் தமது இறுதிக் காலத்தில் அவ்வில்லத்தைப் பேணும் பணியில் ஈடுபட்டார். அவ்வில்லம் தோன்றக் காரணமாயிருந்தவர்கள் யார்? வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்து, இரு சமூகத்தாலும் ஏற்கப்படாத பிள்ளைகள். தந்தை பங்களாவிலும் தாய் லயனிலும் உயிருடன் இருக்கையிலேயே 'அநாதை' ஆனவர்கள் அவர்கள். பேன்ரர் குடும்பத்தின் பணி போற்றுதற்குரியது. ஆனால் அப்பிள்ளைகளை அநாதைகளாக்கியது மரணம் அன்று, சமூக ஒழுங்கு. நூறாண்டுகளுக்குப் பின்னும் காரணங்கள் மாறியிருக்கின்றனவே தவிர அந்த உண்மை மாறவில்லை.

பணம் இல்லத்துக்குப் போவதால் என்ன கேடு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இல்லங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அறிந்தால் விடை கிடைக்கும். ஒரு பிள்ளைக்கென அரசாங்கம் வழங்கும் உதவிப் பணம் மிகச் சொற்பம். எஞ்சிய செலவு முழுவதும் நன்கொடையாளரையே நம்பியிருக்கிறது. நன்கொடையாளரோ பிள்ளைகளைப் பார்க்க வருபவர். ஐம்பது பிள்ளைகள் உள்ள இல்லத்துக்கு அவர் மனம் இரங்கும். ஐம்பதில் முப்பது பேரைப் பெற்றோரிடம் திருப்பி அனுப்பி, அந்தக் குடும்பங்களை மாதந்தோறும் கண்காணித்து வரும் இல்லத்தில் அவர் காண்பது அரைவாசி வெறுமையான மண்டபத்தை. அங்கே படம் எடுப்பதற்குக் கூட எதுவுமில்லை. நல்ல பணியைச் செய்யும் இல்லம் நன்கொடையை இழக்கிறது; கட்டில்களை நிரப்பி வைத்திருக்கும் இல்லம் நன்கொடையைப் பெறுகிறது. இல்லத்தை நடத்துபவர் நல்லவராயினும் இந்தக் கணக்கு அவரை ஒரு திசையிலேயே தள்ளும்.

கம்போடியாவில் நடந்தது இதற்கு எடுத்துக்காட்டு. 2005 ஆம் ஆண்டுக்கும் 2010 ஆம் ஆண்டுக்கும் இடையில் அந்நாட்டிலிருந்த சிறுவர் இல்லங்களின் எண்ணிக்கை 75 வீதத்தால் அதிகரித்தது. அக்காலத்தில் அங்கே போர் இல்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் தொகை பெருகவுமில்லை. பெருகியது உல்லாசப் பயணிகளின் வருகையும் அவர்களுடைய நன்கொடையும். இல்லங்கள் பெருகப் பெருக அவற்றை நிரப்புவதற்குப் பிள்ளைகள் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்டனர். ஆஸ்திரேலியா இந்த வாணிபத்தின் ஆபத்தை உணர்ந்து, 2018 ஆம் ஆண்டு தனது நவீன அடிமைமுறைக்கு எதிரான சட்டத்தை ஆக்கியபோது, இல்லங்களுக்காகப் பிள்ளைகள் கடத்தப்படுவதையும் கவனத்திற் கொண்டது. 2019 ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையும், சிறுவர் இல்லங்களில் உல்லாசப் பயணிகளும் தொண்டர்களும் வந்துபோகும் திட்டங்கள் பிள்ளைகளுக்கு விளைவிக்கும் தீங்கைச் சுட்டிக்காட்டித் தீர்மானம் நிறைவேற்றிற்று.

கண்டியும் உல்லாசப் பயணிகளின் நகரம் என்பதை மறத்தலாகாது. கொழும்பிலிருந்து கண்டிக்கு வருவோர் வழியில் பின்னவல யானைகள் அநாதை இல்லத்தைப் பார்த்து வருவது வழக்கம். 1975 ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட அவ்விடத்தில் நுழைவுச்சீட்டு வாங்கலாம், குட்டிகளுக்குப் பாலூட்டுவதைக் காணலாம், படம் பிடிக்கலாம். தாயைப் பிரிந்த யானைக்குட்டிகளை இவ்வாறு காட்சிப்படுத்துவது சரிதானா என்று விலங்கு நலன் பேசுவோர் கேட்கிறார்கள். யானைக்குட்டிகளுக்காகக் கேட்கப்படும் கேள்வியை மனிதக் குழந்தைகளுக்காகக் கேட்பதில் பிழையில்லை. வாரந்தோறும் வெவ்வேறு குழுவினர் வருகின்றனர். ஒவ்வொரு முறையும் அதே பிள்ளை அதே பாட்டைப் பாடி, அதே நன்றியுரையைச் சொல்லி, அந்நியர் ஒருவரின் மடியில் அமர்ந்து படத்துக்குச் சிரிக்க வேண்டியிருக்கிறது. மாலையில் அவர் போய்விடுவார். அடுத்த வாரம் இன்னொருவர் வருவார்.

இப்படி வந்துபோகும் அன்பு பிள்ளையின் மனத்தில் என்ன செய்கிறது என்பதை அறிவியல் ஆராய்ந்திருக்கிறது. ருமேனியாவின் தலைநகரான புக்காரெஸ்டில் 2000 ஆம் ஆண்டளவில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. இல்லங்களில் வாழ்ந்த 136 குழந்தைகளைத் தெரிந்தெடுத்து, அவர்களில் ஒரு பகுதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, இரு சாராரின் வளர்ச்சியையும் பல ஆண்டுகளாக ஒப்பிட்டார்கள். குடும்பத்தில் சேர்ந்த குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும் பிறரோடு ஒட்டி உறவாடும் திறனும் மேம்பட்டன. அதிலும் இரண்டு வயதாகுமுன் சேர்ந்தவர்களே பெரும் பயனடைந்தார்கள். ருமேனிய இல்லங்களின் அவலத்தை நம் நாட்டு இல்லங்களோடு அப்படியே பொருத்திப் பார்ப்பது நியாயமன்று. ஆயினும் ஆய்வு கற்பித்த பாடம் பொதுவானது. குழந்தைக்கு வேண்டியது நூறு பேரின் ஒருநாள் அன்பன்று. நாள்தோறும் மாறாமல் தன்னருகே இருக்கும் ஒருவர்.

தமிழ்ப் பிள்ளைகளின் விடயத்தில் இன்னொரு இழப்பும் சேர்ந்துகொள்கிறது. தோட்டத்திலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளை முழுவதும் சிங்கள மொழி பேசும் இல்லமொன்றில் சேர்க்கப்பட்டால், சில ஆண்டுகளில் அது தாய்மொழியை மறந்துவிடும். பின்னர் தாய் பார்க்க வரும்போது இருவருக்கும் இடையே பேச மொழி இராது. இதில் எந்த மொழி மேலானது என்ற வாதத்துக்கு இடமில்லை. சிங்களம் கற்பது நல்லதே. ஆனால் பெற்ற தாயோடு பேச இயலாத பிள்ளை வீடு திரும்புவது எங்ஙனம்? சிறுவர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 20 ஆம் உறுப்புரை, குடும்பத்தைப் பிரிந்த பிள்ளைக்கு மாற்றுப் பராமரிப்பு வழங்கும்போது அதன் இனம், மதம், பண்பாடு, மொழி ஆகியவற்றின் தொடர்ச்சியைக் கருத்திற் கொள்ள வேண்டும் என்கிறது. இலங்கை 1991 ஆம் ஆண்டில் அச்சமவாயத்தை ஏற்றுக்கொண்ட நாடு.

அதே சமவாயத்தின் 9 ஆம் உறுப்புரை, பிள்ளையின் நன்மைக்கு இன்றியமையாததாக இருந்தாலன்றி அதனைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாகாது என்கிறது. 27 ஆம் உறுப்புரை, பிள்ளையை வளர்க்கப் பெற்றோருக்கு உதவும் கடமையை அரசின் மேற் சுமத்துகிறது. 2009 ஆம் ஆண்டு ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டிகள் இன்னும் தெளிவானவை. வறுமை ஒன்றே பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதற்கான காரணமாக ஒருபோதும் இருத்தலாகாது. அக்குடும்பத்துக்கு உதவி தேவை என்பதன் அடையாளமாகவே அது கொள்ளப்பட வேண்டும் என்று அவை கூறுகின்றன. ஏட்டிலே எல்லாம் இருக்கிறது. நடைமுறையிலோ, பிள்ளையை இல்லத்தில் சேர்க்க ஓர் ஏழைத்தாய்க்கு வழி தெரிகிறது. பிள்ளையைத் தன்னோடு வைத்திருக்க உதவி கேட்பதற்கு வழி தெரிவதில்லை.

இதனை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் இலங்கையில் 600 இற்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. மிகுதியான உயிர்கள் பறிபோனது கண்டி மாவட்டத்தில். மலைச்சரிவுகள் மண்ணாகக் கரைந்து வீடுகளை மூடின. மகாவலி பெருகிக் கம்பளை நகர் வெள்ளத்தில் மூழ்கிற்று. தாயையோ தந்தையையோ இருவரையுமோ இழந்த பிள்ளைகள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அனர்த்தத்தின்போது மாணவர்கள் காட்டிய வேகம் எவரையும் நெகிழ வைக்கும். சேறு அள்ளினார்கள், உணவு சமைத்தார்கள், பணம் சேர்த்தார்கள். இத்தகைய பேரிடரின் பின் எழும் இரக்கம் பெரும்பாலும் 'ஓர் இல்லம் கட்டுவோம்' என்ற திசையிலேயே பாய்கிறது. அங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 இன் கடற்கோளுக்குப் பின் இந்நாடு இதே நிலையில் நின்றது. 30,000 இற்கும் மேற்பட்டோர் மாண்ட அவ்வேளையில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளைத் தத்தெடுக்கவும் இல்லங்களில் சேர்க்கவும் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பலர் முன்வந்தனர். ஆனால் அப்பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரை ஏற்று வளர்த்தவர்கள் அவர்களுடைய சொந்தக்காரர்களே. அம்மம்மா, அப்பப்பா, சித்தி, மாமா என்று யாரோ ஒருவர் இருந்தார். தாமும் அகதி முகாமில் இருந்துகொண்டே அவர்கள் பிள்ளையைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார்கள். அரசும் 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் வளர்ப்புப் பெற்றோரின் பராமரிப்புக்கு வழி செய்தது. 2015 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் பின் நேபாள அரசு, பிள்ளைகளைப் பெற்றோரின் துணையின்றி மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுசெல்வதற்குக் கட்டுப்பாடு விதித்தது. உதவி என்ற பெயரில் பிள்ளைகள் இல்லங்களுக்குக் கொண்டுசெல்லப்படுவதைத் தடுப்பதற்காகவே அந்த ஏற்பாடு. மண்சரிவில் பெற்றோரை இழந்த பிள்ளைக்கும் ஓர் அம்மாயி இருப்பார், ஒரு பெரியப்பா இருப்பார். அவர்களைத் தேடிப் போவதே முதல் உதவி.

இங்கே ஒரு மறுப்பு எழும். "தத்துவம் சரி. இன்றிரவு அந்த இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது யார்?" என்று ஒரு மாணவர் கேட்டால் அவருக்கு விடை சொல்லியாக வேண்டும். வீட்டிலேயே வன்கொடுமைக்கு ஆளான பிள்ளைக்கும், உறவென்று எவருமில்லாத பிள்ளைக்கும் பாதுகாப்பான இடம் வேண்டும். அத்தகைய பிள்ளைகளைத் தம் பிள்ளைகள்போற் பேணிவரும் அருட்சகோதரிகளையும் இல்லத் தாய்மாரையும் நான் அறிவேன். அவர்களுடைய உழைப்பைக் கொச்சைப்படுத்தும் உரிமை எவருக்கும் இல்லை. இல்லங்களை நாளையே பூட்டிவிட வேண்டும் என்றோ, அரிசி கொடுப்பதை இன்றே நிறுத்த வேண்டும் என்றோ நான் சொல்லவில்லை. அரிசி கொடுக்கும் கை ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்கிறேன்.

கேட்க வேண்டியவை எளியவை. இவ்வில்லம் 1941 ஆம் ஆண்டின் அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்டதா? மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் அதிகாரிகள் இறுதியாக எப்போது வந்து பார்த்தார்கள்? இங்குள்ள பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பெற்றோர் இருக்கிறார்கள்? சென்ற ஆண்டு எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்? பெற்றோர் வந்து பார்ப்பதற்குப் பஸ் பணம் கொடுக்க ஏற்பாடு உண்டா? பதினெட்டு வயதில் வெளியேறும் பிள்ளை எங்கே போகிறது? நல்ல இல்லம் இக்கேள்விகளை வரவேற்கும். கேட்டதற்காகக் கோபிக்கும் இல்லத்தைப் பற்றி மாணவர்கள் தாமே முடிவு செய்துகொள்ளலாம். சந்தேகத்துக்கு இடமிருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

பணத்தைக் குடும்பத்திடம் கொண்டுசெல்லவும் வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர் கடமையாற்றுகிறார். எந்தக் குடும்பம் உடையும் நிலையில் இருக்கிறது, எந்தப் பிள்ளை பாடசாலையிலிருந்து விலகும் நிலையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். நன்னடத்தைத் திணைக்களத்தின் 'செவன சரண' வளர்ப்புப் பெற்றோர் திட்டத்தின் மூலம், தம் வீட்டிலேயே வாழும் வறிய பிள்ளைகளின் கல்விக்கு நன்கொடையாளர் தொடர்ந்து உதவ முடியும். ஒரு நடைபவனியில் சேரும் பணத்தை ஒரே நாளில் பொருட்களாக மாற்றிக் கொடுப்பதற்குப் பதிலாக, பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பகிர்ந்தளிக்கலாம். ஒரு மாணவர் சங்கத்தால் இது முடியும்.

பணத்தைவிடப் பெரிதாக மாணவர்களிடம் உள்ளது அறிவும் நேரமும். பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. தூரத்துத் தோட்டத்திலிருந்து உடற்குறையுள்ள பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்க்குப் பஸ் கட்டணமும், சிங்களத்தில் பேசுவதற்கு ஒரு துணையும் கிடைத்தால், அவள் சிகிச்சையை இடையில் நிறுத்தமாட்டாள். தமிழ் பேசும் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஒரே ஒரு தோட்டத்தைத் தெரிந்தெடுத்து, வாரத்தில் ஒரு மாலை, மூன்று ஆண்டுகள், கணிதமும் ஆங்கிலமும் கற்பித்தால், படிப்புக்காகப் பிள்ளையை நகரத்து இல்லத்தில் சேர்க்கும் தேவை அங்கே குறையும். தோட்டங்களிலே தாய் கொழுந்து பறிக்கும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராக்கள் உள்ளன. ஒரு தாய் வேலைக்கும் போய்ப் பிள்ளையையும் தன்னோடு வைத்திருக்க முடிவது அவற்றால்தான். அவற்றுக்கு ஒரு கூரை, ஒரு தண்ணீர்த் தாங்கி, சில புத்தகங்கள் கொடுப்பது எந்த இல்லத்துக்குக் கொடுப்பதற்கும் குறைந்த தருமம் அன்று. கண்டியிலே அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் 1972 ஆம் ஆண்டு தொடங்கிய சத்தியோதய நிலையம் தோட்டத்து மக்களையும் கிராமத்து மக்களையும் அவர்கள் வாழும் இடத்திலேயே சந்தித்துப் பணியாற்றியது. அந்த முறை இந்நகருக்குப் புதியதன்று.

இல்லங்களிலேயே பணியாற்ற விரும்பும் மாணவருக்கும் இடம் உண்டு. பதினெட்டு வயது நிறைந்து வெளியே வரும் இளைஞனுக்கும் யுவதிக்கும் தேசிய அடையாள அட்டை பெறுவதிலிருந்து வாடகை அறை தேடுவது வரை எல்லாமே புதிது. மற்றப் பிள்ளைகளுக்கு வீடு இருக்கிறது. இவர்களுக்குத் தோல்வியுற்றால் திரும்பிப் போவதற்கு இடம் இல்லை. ஒரு மாணவர் ஒருவருக்கு அண்ணனாகவோ அக்காவாகவோ சில ஆண்டுகள் துணைநின்றால் அதன் பயன் பெரிது. ஒன்றை மட்டும் கைவிட வேண்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை முகநூலில் போடும் பழக்கம். இன்றைய சிறுமி நாளை ஓர் அலுவலகத்தில் பணிபுரிவாள், திருமணம் செய்வாள். 'அநாதை இல்லத்தில் மதிய போசனம்' என்ற தலைப்போடு அவளுடைய முகம் என்றென்றும் இணையத்தில் இருப்பதற்கு அவளிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை.

இறுதியாக, கடல் கடந்து வாழும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் நம்மவர்கள் பெற்றோரின் நினைவு தினத்துக்கும் பிள்ளைகளின் பிறந்த நாளுக்கும் தாயகத்துச் சிறுவர் இல்லமொன்றில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். சாப்பாட்டின்போது எடுத்த படம் அன்று மாலையே கைத்தொலைபேசிக்கு வந்துவிடுகிறது. மனத்துக்கு நிறைவாக இருக்கும், அதில் தவறில்லை. அடுத்த ஆண்டு அதே நாளில், அந்த இல்லத்தை நடத்துபவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். "இந்தப் பணத்தில் ஒரு பிள்ளையை அதன் தாயிடம் திருப்பி அனுப்பி, ஓராண்டு அந்தக் குடும்பத்தைத் தாங்க முடியுமா?" முடியும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வெகுகாலமாக அந்தக் கேள்விக்காகக் காத்திருப்பவர்கள். அந்த உதவிக்குப் படம் வராது. பிள்ளை தன் வீட்டிலே, தன் தாயின் கையால் அன்று சாப்பிட்டிருக்கும்.